கண் பரிசோதனைக்கும் ரியூசன் கொடுத்தவர்

பிள்ளைகள் இரண்டு பேரும் இதை ஆறுதலாக இருந்து வாசியுங்கள். துஷி, நீ நடுவில் எழும்பிப் போகக் கூடாது. இதில் பாதி உன்னுடைய கண்ணைப் பற்றியது. கவின், நீ அந்தப் போனை வைத்துவிட்டு வா. மற்றப் பாதி உனக்கு.

போன கிழமை கனடாவிலிருந்து ஒரு தம்பி கோல் எடுத்தவன். உங்கள் மாஸ்ரர் அங்கே மகன் வீட்டில் காலமாகிவிட்டாராம். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கப் போகிறார்களாம்.

"அண்ணை, உங்கட மகளும் மாஸ்ரரிட்டப் படிச்சவள்தானே? ஊரில இருக்கிற ஆக்களும் நாலு வரி எழுதினா வடிவாயிருக்கும். அவர் எங்களுக்கு அறிவுக் கண்ணைத் திறந்தவர் எண்டு ஒரு தலைப்புப் போட்டு வைச்சிருக்கிறம்."

"எனக்கு எழுத வராது தம்பி" என்றேன்.

அது பொய். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், தண்ணிப் பவுசர் ஓடுகிறவன், ஆனாலும் எனக்கு எழுத வரும். நான் எழுதினால் அவர்கள் போடமாட்டார்கள், அவ்வளவுதான் விசயம். அதுவும் கண்ணைத் திறந்தவராம்! போனை வைத்த பிறகு நான் சிரித்த சிரிப்பைக் கேட்டு அம்மா குசினிக்குள் இருந்து வந்துவிட்டா.

"இஞ்சேருங்கோ, செத்த மனிசனைப் பற்றி ஒண்டும் கதைக்காதேங்கோ."

"நான் கதைக்கேல்ல. எழுதப் போறன்."

"அது அதைவிடக் கூடாது" என்றுவிட்டு அம்மா போய்விட்டா. இருந்தாலும் மேசையில் இந்தக் கொப்பியையும் பேனையையும் வைத்தது அவதான்.

மாஸ்ரருக்குக் கடவுள் நல்ல குரல் கொடுத்திருந்தார். மதவடியில் நின்று அவர் வாய்ப்பாடு சொன்னால் கடலுக்குள் நிற்கிறவனுக்கும் கேட்கும். வெள்ளைச் சேட்டு, மை பூசிய தலை, கையில் பூவரசந்தடி. பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் இல்லை. ஆனால் எங்கள் வட்டாரத்தில் புலமைப்பரிசில் சோதனைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது என்று அவரே சொல்லி, சொல்லி, அது உண்மையாகிவிட்டது. அவருடைய ரியூசன் கொட்டிலுக்கு மூன்று பக்கம் கிடுகு, ஒரு பக்கம் மட்டும் வெள்ளையடித்த கல்லுச் சுவர். அந்தச் சுவரை மறக்காதீர்கள், பிறகு வரும்.

அவருக்கு உலகத்தில் இரண்டு விதமான ஆட்கள்தான், பாஸானவன், பெயிலானவன். மழை பெய்தால் இந்த வருசம் மழை பாஸ். பக்கத்து வீட்டுக் கிணறு உவராகினால் கிணறு பெயில். கலியாண வீட்டில் சோறு குழைந்தால் சமையல்காரன் பெயில். ஒருநாள் என் பவுசரில் ஒரு சில்லுக் காற்றுப் போய், எஞ்சினையும் நிற்பாட்டாமல் நான் றோட்டில் குந்தியிருக்க, அந்தப் பக்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர், உதவி செய்யவில்லை, "என்ன பவுசர், பெயிலோ?" என்று கேட்டுவிட்டுப் போனவர். உருட்டிக்கொண்டுதான் வருவார், ஏறி ஓடமாட்டார். கேட்டால் நடை உடம்புக்கு நல்லதாம். அந்தக் காரணத்தை நாங்கள் எல்லாரும் நம்பினோம். படித்த மனிசன் சொன்னால் நம்புவதுதானே எங்கள் வழக்கம்.

பெயில் என்ற சொல் அவரிடம் படிக்கிற பிள்ளைகளில் ஒன்றின் மேலும் விழக்கூடாது. அது பிள்ளையின் நன்மைக்காக என்று நினைக்காதீர்கள். தன்னுடைய பெயருக்காக.

துஷி, நீ முதலாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்துக்கு மெடிக்கல் வருகிறது என்று அறிவித்தார்கள். நிறை பார்ப்பார்கள், பல்லுப் பார்ப்பார்கள், கண் பார்ப்பார்கள். வேறு ஊரில் என்றால் தாய்மார் பிள்ளைக்குத் தலை இழுத்து, நகம் வெட்டி அனுப்பியிருப்பார்கள். எங்கள் மாஸ்ரர் என்ன செய்தார் தெரியுமா? மெடிக்கலும் ஒரு சோதனைதானே, கேள்வித்தாள் முன்கூட்டியே தெரிந்த சோதனை! மருந்தகத்துச் சுவரில் தொங்கிய கண் பார்க்கிற மட்டையை யாரையோ விட்டுப் போனில் படம் எடுப்பித்தார். இங்கிலிஸ் 'ஈ' எழுத்து மேலே பெரிதாக, கீழே வரவரச் சிறிதாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தபடி இருக்குமே, அந்த மட்டை. ஈயின் கால்கள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று பிள்ளை கையால் காட்ட வேண்டும். எழுத்தே தெரியாத பிள்ளைக்கும் கண் பார்க்கலாம் என்பதற்காகத்தான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு, அடுப்புக்கரியை அரைத்துக் கரைத்து, அந்தக் கல்லுச் சுவரில் மட்டை முழுவதையும் அப்படியே வரைவித்தார். கறுப்புப் பெயின்ற் வாங்கக் கை வரவில்லை. பிறகு பின்னேரம் பின்னேரம் பாடம்.

"எல்லாரும் சொல்லு! வலம்! கீழ்! இடம்! மேல்! கீழ்! வலம்!"

ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அதைத் தேவாரம் மாதிரிப் பாடமாக்கினார்கள். பெட்டைகள் கயிறடிக்கும்போதும் அதுதான் பாட்டு. நான் பவுசரில் தண்ணி கொண்டுபோகிற ஒழுங்கை எல்லாம் வலம், கீழ், இடம், மேல். நான் கூட, ஒரு பாடமும் மண்டையில் ஏறாதவன், ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி அதை முணுமுணுத்திருக்கிறேன்.

மெடிக்கல் நாளில் வரிசை வாசல் மட்டும் நின்றது. வந்தவர்கள் பாவம், படகுக்கும் பஸ்சுக்கும் நேரம் பார்த்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக மேலிருந்து கீழே காட்டிக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் கடகடவென்று ஒப்புவித்துவிட்டார்கள். ஒரு பிள்ளைக்கும் கண்ணில் குறை இல்லை! பக்கத்துத் தீவில் சில பிள்ளைகளுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள் என்று அறிந்து மாஸ்ரருக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். சந்தியில் நின்று சொன்னார்:

"அங்க சில பேர் பெயில். எங்கட தீவில எல்லாரும் பாஸ். பெட்டையளுக்கு உந்த வயசிலயே மூக்கில கண்ணாடி ஏறினா ஆர் கலியாணம் கட்டுவான்? நான் காப்பாத்திப்போட்டன்."

கடைக்காரர் அவருக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு சோளகம் போனது. சோளகக் காற்று என்றால் எங்கள் தீவில் வாய் திறக்க ஏலாது, மணல். ஒருநாள் முற்றத்தில் விளையாடின உனக்கு வலது கண்ணுக்குள் மண் விழுந்துவிட்டது. கத்திக்கொண்டு ஓடி வந்தாய். அம்மா உன்னை மடியில் போட்டு, அந்தக் கண்ணைத் துணியால் பொத்தி, தண்ணி கொண்டு வா என்று என்னைக் கூப்பிட்டா. நான் செம்போடு வருகிறேன், நீ அழுகையை நிற்பாட்டிவிட்டு அம்மாவை அண்ணாந்து பார்க்கிறாய்.

"அம்மா, உங்கட மூக்கு எங்க?"

அம்மா சிரித்தா. விளையாட்டு என்று நினைத்தா.

"ஏன்டி, மூக்கு மூஞ்சையிலதான் கிடக்கு."

"இல்லை. மூஞ்சை இருக்கு. மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. கழுவித் துடைச்ச மாதிரிக் கிடக்கு."

அம்மா துணியை எடுத்தா. "இப்ப?" "இப்ப இருக்கு." திரும்பப் பொத்தினா. "இப்ப?" "இல்லை." என் கையிலிருந்த செம்பு அப்படியே சரிந்து தண்ணி காலில் ஊற்றியது. அம்மாவின் முகத்தில் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

யாழ்ப்பாணத்தில் கண் கிளினிக்கில் நடந்ததை நீ மறந்திருப்பாய். நான் மறக்க ஏலாது. நேர்ஸ் உன் வலது கண்ணை மூடிவிட்டுத் தடியால் மட்டையைத் தொட்டா. அவ வாயைத் திறக்க முந்தி நீ தொடங்கிவிட்டாய். "வலம், கீழ், இடம், மேல்..." கையையும் அந்தந்தப் பக்கம் காட்டிக்கொண்டு, கடைசிச் சின்ன வரி வரைக்கும். நேர்ஸ் என்னைப் பார்த்தா.

"அண்ணை, பிள்ளைக்கு ஒண்டுமில்லையே. முழுக்கச் சொல்லுறா."

"இல்லை நேர்ஸ், தாயின்ர மூக்குத் தெரியேல்லையாம்."

அவ ஒரு கணம் யோசித்தா. பிறகு எழும்பிப் போய் மட்டையைக் கழற்றித் தலைகீழாகக் கொழுவினா. வலம் எல்லாம் இடம், மேல் எல்லாம் கீழ். "இப்ப சொல்லுங்கோ அம்மா" என்றா. நீ நிமிர்ந்து நின்று, அதே குரலில், அதே பாட்டு. "வலம், கீழ், இடம், மேல்!" முடித்துவிட்டுக் கை தட்டுவார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாய்.

நேர்ஸ் கேட்டா: "ஆர் அம்மா உங்களுக்கு இது சொல்லித் தந்தது?"

"எங்கட மாஸ்ரர்" என்றாய், பெருமையாக.

அங்கே எனக்கு விளங்கப்படுத்தினதை உங்களுக்கும் எழுதுகிறேன், ஏனென்றால் நாளைக்கு உங்களுக்கும் பிள்ளைகள் வரும். துஷியின் இடது கண்ணில் நோய் ஒன்றும் இல்லை. பிறவியிலேயே அந்தக் கண்ணுக்கு மற்றதைவிடப் பவர் கூட வேண்டியிருந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் படம் வரும்போது மூளை நல்ல படத்தை எடுத்துக்கொண்டு, மங்கல் படத்தைத் தள்ளிவிடும். தள்ளித் தள்ளி, கடைசியில் அந்தக் கண்ணைப் பாவிக்கவே மறந்துவிடும். சோம்பல் கண் என்றார் டொக்டர். பிள்ளைக்கு இது தெரியாது. நல்ல கண் ஒன்று வேலை செய்துகொண்டிருப்பதால் அது ஓடும், பாடும், எழுதும். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் ஒழிய ஆருக்கும் தெரியாது. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை ஒட்டு வைத்து மறைத்து, சோம்பல் கண்ணை வேலை வாங்க வேண்டும். சின்ன வயதில் தொடங்கினால் கண் திரும்பி வரும். வயது ஏற ஏறப் பிடிவாதம் பிடிக்கும்.

"மெடிக்கலில பிடிபட்டிருக்குமே. ஆறு வயசில கொண்டு வந்திருந்தா இன்னும் நல்லம்" என்றார் டொக்டர். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை.

பஸ்சில் வரும்போது பண்ணைப் பாலம் முழுவதும் நீ யன்னலால் கடலைப் பார்த்தபடி வந்தாய், வலது கண்ணில் ஒட்டோடு. "அப்பா, கொக்கு எல்லாம் எங்க போட்டுது?" என்று கேட்டாய். கொக்குகள் நின்றன. வரிசையாக நின்றன. நான் "பறந்திட்டுது பிள்ளை" என்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் உன்னைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போனேன். பவுசரைச் சந்தியில் விட்டுவிட்டு நடந்து போனேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கொட்டில் வாசலில் கதிரை போட்டு இருந்தவர் என்னை நேரே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"ஆர் அது?"

"நான்தான் மாஸ்ரர். பவுசர்."

"ஓ, நீரே! பவுசர் எங்க? சத்தம் கேக்கேல்ல."

இத்தனை வருசமும் அவர் எனக்குக் கை காட்டியது என்னைக் கண்டு அல்ல, எஞ்சினைக் கேட்டு. அப்போதே எனக்கு ஏதோ உறைத்தது, ஆனால் நான் வந்த கொதியில் அதைக் கவனிக்கவில்லை.

"மாஸ்ரர், பிள்ளைக்கு இடது கண் சரியாத் தெரியாது. கிளினிக்கில சொல்லிப்போட்டினம்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? மெடிக்கலில முழுக்கச் சொன்னவள்."

"சொன்னவள்தான். பார்க்கேல்ல."

"சொன்னாப் பாத்ததுதானே!" என்றார். ஒரு வாத்தியார் ஒரு மடையனுக்குச் சொல்கிற குரலில். "பதில் சரியெண்டா ஆள் பாஸ். நீர் பத்தாம் வகுப்பில ஏன் நிண்டனீர் எண்டு இப்ப விளங்குது. பிள்ளை, இஞ்ச வா. சுவரைப் பாத்து நில். அப்பாவுக்கு ஒருக்காக் காட்டுவம்."

நீ போய் நின்றாய், நல்ல கண்ணில் ஒட்டோடு. அவர் எழும்பிப் பூவரசந்தடியை எடுத்தார். மேற்கு வெய்யில் கிடுகு ஓட்டைகளுக்குள்ளால் வந்து அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, நான் நேரே போய்ச் சுவரில் முதுகை வைத்து, அந்த ஈ எழுத்துகளை மறைத்துக்கொண்டு நின்றேன். நான் உடம்பு பெருத்த மனிசன். எனக்குப் பின்னால் ஒரு எழுத்தும் தெரிந்திருக்காது.

"சொல்லு பிள்ளை!"

"வலம்."

தடி நீண்டு வந்து என் கழுத்தடியில் நின்றது. "சரி" என்றார்.

"கீழ்." "சரி!" "இடம்." "சரி!" தடி என் சேட்டுத் தெறி ஒவ்வொன்றாக இறங்கி வருகிறது. நீ சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டி ஆட்டி ரசிக்கிறார். நீ என்னைக் காணவில்லை. அவரும் என்னைக் காணவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பிழையும் இல்லாமல் சோதனையை முடித்தீர்கள். கடைசிச் சின்ன வரிக்குத் தடி என் வயிற்றில் வந்து நின்றது.

"பாத்தீரே! அந்தச் சின்ன எழுத்தையும் சொல்லிப்போட்டாள்! எங்க நிக்கிறீர்?"

"உங்கட தடி நுனியில நிக்கிறன் மாஸ்ரர்."

அவர் தடியை ஒருக்கால் அமத்திப் பார்த்தார். சுவர் அப்படி அமுங்காது. அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. சைக்கிளை உருட்டுவது. பிள்ளைகளைக் கொண்டு விடையை உரத்து வாசிப்பித்துத் திருத்துவது. அது ஒரு புது முறை என்று பெற்றார் எல்லாம் மெச்சினார்களே! கண் இரண்டிலும் புரை முற்றி, முகத்துக்கு முன்னால் நிற்கிற ஆளைத் தெரியாத மனிசன் எங்கள் பிள்ளைகளின் கண்ணுக்குப் புள்ளி போட்டிருக்கிறார்.

"வெய்யில்... எதிரில அடிக்குது" என்றார்.

"ஓம் மாஸ்ரர். நீங்களும் கிளினிக்குக்கு வாங்கோ. நானே கூட்டிக்கொண்டு போறன்."

அந்த நேரத்தில் எனக்கு அவரில் பாவம் வரப் பார்த்தது, பிள்ளைகள். உண்மையாக வரப் பார்த்தது. அவர் என் தோளைத் தேடிப் பிடித்து, குரலைத் தணித்துச் சொன்னார்:

"உதை வெளியில சொல்லாதையும். ஆவணி வகுப்புக்குப் பிள்ளையள் சேருற நேரம்."

"பிள்ளைக்கு என்ன செய்யிறது?" என்று அவர் கேட்பார் என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். கேட்கவில்லை. நீ பக்கத்தில் நின்று, "நான் பாஸோ மாஸ்ரர்?" என்று கேட்டாய். "பாஸ், பாஸ்" என்றார், கதிரையைக் கையால் தடவிக்கொண்டு.

உன் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கிளினிக்குக்கு அவர் வரவில்லை. அடுத்த வருசம் சனசமூக நிலையத்தில் வயது போன ஆட்களுக்குக் கண் முகாம் போட்டார்கள். வாசலில் நின்று அங்கேயும் பாடம் எடுத்தார். எங்கள் வடக்கு வளவு ஆச்சியைப் பிடித்து, "ஆச்சி, கேட்டா வலம், கீழ், இடம் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

"தம்பி, எனக்கு வந்த வாசல் எங்கயெண்டே தெரியேல்ல. நீ வலம் இடம் எண்டுறாய்" என்றா ஆச்சி.

ஆச்சிக்குச் சொல்லிக் கொடுத்தது உள்ளே போவதற்குள் மறந்துபோனது. மறந்ததால் தப்பினா. தெரியாது என்று நேரே சொன்னா, புரைக்கு ஒப்பரேசன் செய்தார்கள், இப்போது மதிலடியில் இருந்தபடி முருங்கைக்காய் பிடுங்குகிறவன் ஆரென்று பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏசுகிறா. மாஸ்ரர் உள்ளே போய், முழுவதையும் ஒப்புவித்து, கண்ணில் ரோச் அடித்துப் பார்க்கிற மேசைக்குப் போகாமலே நழுவி வந்தார். "நூற்றுக்கு நூறு" என்று சந்தியில் சொன்னார். பெயில் இல்லையாம்.

பிறகு மகன் வந்து கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே கண்ணை மெசினில் வைத்துப் பார்த்தார்களாம். மெசினிடம் ஒப்புவிக்க ஏலாதுதானே. ஒப்பரேசன் செய்து, எல்லாம் தெரியத் தொடங்கியவுடன் ஊரில் தெரிந்த ஆட்களுக்கெல்லாம் கோல் எடுத்தார். எனக்கும் எடுத்தார்.

"பவுசர், இப்ப பனி விழுறது ஒவ்வொரு துகளாத் தெரியுது! டொக்டர் என்ன சொன்னவன் தெரியுமே? பேர்பெக்ற் எண்டவன். நூற்றுக்கு நூறு!"

"நல்லது மாஸ்ரர்" என்றேன்.

உன்னைப் பற்றிக் கேட்பாரென்று போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். அங்கத்தைய பஸ், அங்கத்தைய மரக்கறி, மருமகளின் கார் எல்லாம் சொன்னார். துஷி, உன் பேர் அவர் வாயில் வரவில்லை. இந்த மனிசனுக்குத்தான் நான் நாலு வரி எழுத வேண்டுமாம்.

நீ ஒட்டு வைத்துக்கொண்டு திரிந்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் என்னென்ன பட்டம் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மாவிடம் அழுதுவிட்டு என்னிடம் சிரித்தாய். ஒரு பகுதிப் பார்வை திரும்பி வந்தது. முழுக்க வரவில்லை. இன்றைக்கும் நீ தேத்தண்ணி வார்த்தால் கோப்பைக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஊற்றும், ஊசியில் நூல் கோர்க்கத் தம்பியைக் கூப்பிடுவாய். கவின், அதற்கு நீ "ஒற்றைக்கண்ணி" என்று பகிடி விடுவது எனக்குக் கேட்கவில்லை என்று நினைக்காதே. கேட்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கண்ணைப் பார்ப்பதென்றால் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள், விரல் இடுக்கால் கள்ளமாகப் பார்க்க இடம் கொடாமல் உள்ளங்கையால், கண்ணை அமத்தாமல். இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். பிள்ளை தலையைச் சரித்துப் பார்த்தாலோ, கண்ணைச் சுருக்கினாலோ, ரீவிக்குக் கிட்டப் போய் இருந்தாலோ குழப்படி என்று அடிக்காதீர்கள். எனக்கும் அம்மாவுக்கும் பேப்பர் கை நீளத்துக்குத் தள்ளிப் போனால் அது வெள்ளெழுத்து, வயதுக்கு வருவது, பயப்படாதீர்கள். ஆனால் நேரான கதவு நிலை வளைந்து தெரிகிறது என்று நாங்கள் சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். கண் பார்க்கிற இடத்தில் அதுதான் சரியான விடை.

போன வெள்ளிக்கிழமை, கனடாக் கோல் வந்த அடுத்த நாள், கவின் முற்றத்தில் பக்கத்து வீட்டுப் பெட்டைகளுக்குக் கயிறு சுழற்றிக்கொண்டு நின்றான். வாயில் அதே பாட்டு. வலம், கீழ், இடம், மேல், கீழ், வலம்.

"ஆரடா உனக்குச் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லையப்பா. அந்தப் பழைய கொட்டில் சுவரில கிடக்கு. எங்கட வகுப்பில எல்லாருக்கும் பாடம். வாற மாசம் மெடிக்கல் வருகுது எண்டு ரீச்சர் சொன்னவ."

கவின், அன்றிரவு நான் சவர்க்காரப் பெட்டி மட்டையில் ஒரேயொரு ஈ வெட்டி, நடுவில் குண்டூசி குத்தி, எந்தப் பக்கமும் சுழற்றக்கூடிய மாதிரிச் செய்து உன்னைச் சுவரோடு நிற்பாட்டி, ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தது ஏனென்று இப்போது விளங்கியிருக்கும். நீ சொன்னதெல்லாம் சரி. அம்மா அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்ததை வெங்காயம் என்று சொன்னா.

இனி நான் ஒருவருக்கும் சொல்லாத ஒன்று.

சனிக்கிழமை கடைசி வீட்டுக்கும் தண்ணி இறக்கிவிட்டு வரும்போது பவுசரின் அடியில் கொஞ்சம் மிஞ்சிக் கிடந்தது. ஒரு வாளி தண்ணிக்கு ஒழுங்கை முனையில் சண்டை பிடிக்கிற ஊரில், சொட்டையும் வீணாக்காமல் திருப்பிக் கொண்டுபோகிறவன் நான். அன்றைக்கு அந்தக் கொட்டிலடியில் நிற்பாட்டினேன். கிடுகெல்லாம் உக்கி விழுந்துவிட்டது. கூரைத் தகரம் மாத்திரம் அப்படியே நிற்பதால் சுவரில் மழை படவில்லை, எழுத்துகளும் அழியாமல் இருந்தன. எட்ட நின்று, என் கண் எப்படி என்று பார்ப்போமென்று உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்தினேன். கண் எழுத்துக்குப் போக முந்தி வாய் சொல்லி முடித்துவிட்டது.

குழாயை இழுத்துக்கொண்டு போய்த் திறந்துவிட்டேன். அடுப்புக்கரிதானே, மேல் வரியிலிருந்து கரைந்து இறங்கத் தொடங்கியது. இறங்காத இடத்தைக் கையால் தேய்த்தேன். கறுப்புத் தண்ணி என் காலைச் சுற்றி ஓடி மணலுக்குள் போனது. பவுசர் காலியாகிக் குழாய் காற்றை இருமும் வரைக்கும் நின்றேன்.

பிறகு எட்டப் போய் நின்று, முதலில் வலது கண்ணைப் பொத்தினேன், பிறகு இடது கண்ணை. வெறும் சுவர்.